ஓர் அஞ்சலட்டை போதும்

பொதுவாக, நீதிமன்றத்தில் ஒன்றைக் கோருகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கடன் கொடுத்தேன் என்பவர் புரோநோட்டைக் காட்டுவார். விசாரணையின்றி அடைத்துவைக்கும் தடுப்புக் காவலை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுவிலோ இந்தப் பொறுப்பு எதிர்த்தரப்பின் தோளுக்கு மாறிவிடுகிறது. 1980-இல் இச்சு தேவி சொராரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துச் சொன்ன விதம் ரசித்துப் படிக்க வேண்டியது.

அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு, கடத்தல் தடுப்புக்கான காஃபிபோசா சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்ட ஒருவருக்காக இச்சு தேவி போட்ட மனு அது. காவலுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் ஒலிநாடாக்களும் உண்டு. ஆதார நகல்களை ஐந்து நாளுக்குள், மிஞ்சிப்போனால் காரணத்தை எழுதிவைத்துப் பதினைந்து நாளுக்குள், கைதியிடம் தந்தாக வேண்டும். தரவில்லை. காவல் செல்லாது என்றானது.

ஆனால் என் மனம் நிற்கும் இடம் வேறு. ஆட்கொணர்வு வழக்கில் மனு இலக்கணம் பார்ப்பதில்லை, கைதி சிறையிலிருந்து எழுதும் ஓர் அஞ்சலட்டைகூட இந்த நீதிமன்றத்தை விசாரணையில் இறக்கியிருக்கிறது என்கிறார் தீர்ப்பை எழுதிய நீதிபதி பகவதி. அஞ்சலட்டை! அதில் எவ்வளவு எழுத முடியும்? என்னை அடைத்து வைத்திருப்பது சட்டப்படி தவறு, அவ்வளவுதான். ஆணையில் யார், எப்போது கையெழுத்திட்டார், எந்தத் தாள் என்றைக்குச் சிறைக்கு வந்தது என்பதெல்லாம் அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. கம்பிக்குப் பின்னால் இருப்பவருக்கு அது எட்டாது. அந்த அட்டையில் இடம் கொள்ளாத அத்தனைக்கும் அடைத்தவரே பதில் சொல்ல வேண்டும். சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு. பறித்தவர்தானே நடைமுறையைக் காட்ட வேண்டும்?

நெருக்கடி நிலையின்போது, 1976-இல், ஜபல்பூர் வழக்கில் ஆட்கொணர்வுக் கதவையே அடைத்த பெரும்பான்மைத் தீர்ப்பில் இதே பகவதியும் இருந்தார். நீதிபதி கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். இதை நினைவில் வைத்துப் படித்தால், நான்கே ஆண்டில் வந்த அந்த அஞ்சலட்டை வரிக்குக் கனம் கூடுகிறது.

நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறும் இந்தச் சலுகை எல்லாக் கைதிக்கும் இல்லை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. 1938-இல் ஜான்சன் எதிர் ஸெர்ப்ஸ்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வக்கீல் இல்லாமலே தண்டனை பெற்றவர், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கவில்லை என்பதைத் தாமே நிரூபிக்க வேண்டும் என்றது. அங்கே ஒரு நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பளித்திருக்கிறது. தடுப்புக் காவலிலோ அதிகாரியின் கையெழுத்து மட்டுமே இருக்கிறது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் குண்டர் சட்டக் காவல் ஆணைகள், படிக்க முடியாத நகல், தமிழாக்கம் தராத ஆவணம், கைதியின் முறையீட்டைக் கிடப்பில் போட்ட நாட்கள் என்ற காரணங்களால் ரத்தாவதுண்டு. சின்ன ஓட்டையில் தப்பிவிட்டார் என்று அதைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விசாரணையின்றி ஒருவரை ஓராண்டு வரை அடைக்கும் அதிகாரம் வைத்திருப்பவர் அந்த நாட்களுக்குக் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும்.