வெட்டியே தீர வேண்டும்

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ காப்பி குடிக்க இறங்குவார்கள். அங்கே பக்கத்து மேசையில் டாம் பலகை விரிந்திருந்தால், கோப்பை ஆறினாலும் பரவாயில்லை, ஓர் ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட வேண்டும். மலேசியக் காப்பிக்கடைகளுக்கு வாய்த்த அருமையான ஆட்டம் அது.

12க்கு 12 கட்டம்; ஆளுக்கு 30 காய். பெரும்பாலும் சோடா மூடிகள்தான் காய்கள். ஒருவருக்கு நிமிர்த்தி வைத்தவை, மற்றவருக்குக் கவிழ்த்தவை. ஒரே நிறக் கட்டங்களில், சாய்வாக, ஒவ்வொரு கட்டமாக முன்னேறும். எதிர்க்கோடியைத் தொட்ட காய் ஹாஜி ஆகும். மூடிமேல் மூடி ஏறும். வழி காலியாக இருந்தால் ஹாஜி சாய்கோட்டில் எவ்வளவு தூரமும் ஓடும், பின்னாலும் வரும்.

ஆட்டத்தின் உயிர் இன்னொரு விதியில் இருக்கிறது. எதிரியின் காய்க்கு அப்பால் கட்டம் காலியாக இருந்தால், தாண்டி வெட்டியே தீர வேண்டும்.

கைதேர்ந்தவர் இந்தக் கட்டாயத்தைத்தான் ஆயுதமாக்குகிறார். தன் காய் ஒன்றைத் தானே கொண்டுபோய் எதிரியின் முன்னால் நிறுத்துகிறார். எதிரி வெட்டுகிறார். வெட்டிய காய் எந்தக் கட்டத்தில் வந்து இறங்கும் என்பது முன்பே போட்ட கணக்கு. அது கிளம்பிய இடம் இப்போது காலி. அந்த ஓட்டை வழியாக, ஒன்று விட்டு ஒன்றாக நிற்கும் மூன்று காய்களை இவருடைய ஒரே மூடி தாவித் தாவி அள்ளிவிடுகிறது.

சதுரங்கத்தில் இப்படி யாரையும் இழுத்துவர முடியாது. 2013இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில், விஸ்வநாதன் ஆனந்த் 15ஆவது நகர்த்தலில் தன் மந்திரியை லெவோன் அரோனியனின் சிப்பாய்க்கு எதிரே வைத்தார். அரோனியன் அதைத் தொடவில்லை. அடுத்த நகர்த்தலிலேயே ஆனந்த் தன் குதிரையையும் அதே சிப்பாய்க்கு எதிரே நிறுத்தினார். 23 நகர்த்தல்களில் வென்றார். மறுக்கும் உரிமை உள்ளவரை வீழ்த்த, மறுத்தாலும் நிற்கும் தாக்குதல் வேண்டியிருந்தது. டாம் ஆட்டக்காரருக்கு அந்தப் பாடு இல்லை; எதிரியின் அடுத்த அடி அவர் கையில்.

8க்கு 8 கட்டத்தில் ஆடும் ஆங்கிலச் செக்கர்ஸில் இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் சமநிலைதான் என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் குழு 2007இல் கணினியால் நிறுவியது. அதில் புழங்கும் கட்டங்கள் 32, டாமில் 72. அந்த அகலத்துக்கு இன்னும் யாரும் முடிவு எழுதவில்லை.

மலேசிய விதியில் ஒரு சன்னல் திறந்தே இருக்கிறது. வெட்டத் தவறினால் ஆட்டம் போய்விடாது. வெட்டாமல் நின்ற காயை எதிரி எடுத்துக்கொள்வார். ஆங்கில ஆட்டத்திலும் முன்பு இந்தத் தண்டம் இருந்தது, பிறகு கைவிட்டார்கள். டாமில் அது இருப்பதால், பொறியை மோப்பம் பிடித்தவர் வேண்டுமென்றே வேறு காயை நகர்த்தி, ஒன்றைக் கொடுத்து மூன்றைக் காக்கலாம். ஆகவே பொறி வைப்பவர் இரண்டு கணக்கும் போட்டாக வேண்டும்: எதிரி வெட்டினால் என்ன கிடைக்கும், தண்டம் கட்டினால் என்ன மிஞ்சும்.