ஒப்பமும் ஒப்புதலும்

மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கு என வகுத்த திருவள்ளுவர், நோயாளனை முதற்கண் வைத்து, அவன்பின் மருத்துவனையும் மருந்தையும் அருகிருந்து பணிபுரிவோனையும் எண்ணினார். நோயாளன்பொருட்டே ஏனைய மூன்றும் உள்ளன என்பது அவ்வரிசையாற் பெறப்படும். மருத்துவ ஆராய்ச்சி என்னும் இக்காலத் துறையோ அவ்வரிசையை ஒருவாறு மாற்றிவிடுகின்றது. வைத்தியன் தன்முன் இருப்பவனுடைய நோயைத் தீர்க்க முயல்கின்றான். ஆராய்ச்சியாளன் இனி வருவோர்க்குப் பயன்படும் அறிவைத் தேடுகின்றான். அத்தேட்டத்தில் முன்னிருப்பவன் ஓரளவு கருவியாகின்றான். அங்ஙனம் ஆவதற்கு அவனுடைய மனமுவந்த ஒப்புதல் வேண்டும் என்பதே ஆராய்ச்சியறத்தின் அடிப்படை.

இவ்வடிப்படை எளிதில் நிலைபெற்றதன்று. நாற்சி வைத்தியர்களின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பேர்க்கு நீதிமன்றம் 1947இல் விதிகளை வகுத்தது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் எல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. இவை இருந்தும், ஐக்கிய அமெரிக்காவின் தசுக்கீகியிற் சிபிலிசு நோயுற்ற 399 கறுப்பின ஆடவர், பெனிசிலின் கிடைத்த பின்னரும் அது வழங்கப்படாமல், 1972 வரை அவதானிக்கப்பட்டனர். 1932இல் தொடங்கிய ஆராய்ச்சி அது. விதியை எழுதுதல் வேறு, அதனை வாழச்செய்தல் வேறு என்பதை உலகம் அன்று உணர்ந்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணைக்குழுவில் வைத்தியரோடு சட்டவறிஞரும் அறவியலாரும் அரச செலவில் அமர்ந்து ஆராய்ந்தனர். அதன் பயனே 1979இல் வெளிவந்த பெல்மன்று அறிக்கை.

அறத்தை ஆராயும் அறிஞர்க்குப் பொருளுதவி வழங்கும் வழக்கம் அதன்பின் வேரூன்றிற்று. 1990இல் தொடங்கிய மனித மரபணுத்தொகுதித் திட்டம் தன் செலவில் நூற்றுக்கு மூன்றும், பின்னர் ஐந்தும், அறம், சட்டம், சமுதாயம் என்பனபற்றிய ஆய்வுக்கென ஒதுக்கியது. அமெரிக்காவின் போகாட்டி சர்வதேச மையம் 2000ஆம் ஆண்டு முதல் வறிய நாடுகளின் அறிஞர்க்கு ஆராய்ச்சியறத்திற் பயிற்சியளிக்கப் பணம் வழங்கியது.

இவ்வுதவிமீது எழும் தடை ஒன்றுண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பழகியோர், உப்பிட்டவர் நடத்தும் ஆராய்ச்சியிலேயே குறைகாண்பரோ என்பது அத்தடை. தடை வலியதே, ஆயினும் முடிந்த முடிபன்று. நீதிபதியும் அரச திறைசேரியிலிருந்தே வேதனம் பெறுகின்றார். பணம் கொடுப்போர் தீர்ப்பைத் தெரிந்தெடுக்க முடியுமா என்பதே வினா. உதவியைப் பகிர்வோர் வேறாகவும், முடிபை வெளியிடும் உரிமை ஆய்வாளனிடத்தும் இருக்குமாயின், கூலி குற்றமாகாது.

உண்மைக் குறை பிறிதோரிடத்தில் உள்ளது. அவ்வுதவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திற் பயின்றோரை ஆங்கில விதிகளிலேயே வல்லுநராக்கின. ஒப்புதல் நிகழும் இடமோ தமிழ்ப் படிவம். அதனை எழுதுவோர்க்குப் பயிற்சியுமில்லை, பணமுமில்லை.

யாழ்ப்பாணத்திற்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. 2004ஆம் ஆண்டு மார்கழியிற் கடல்கோள் கரையோரத்தை அழித்தபின் இலங்கைக்கு உதவியாளரோடு ஆய்வாளரும் வந்தனர். பேரிடர்க் காலத்து ஆராய்ச்சிக்கும் அறநெறி மீளாய்வு வேண்டும் என்பதைச் சுமதிபால, சிறிபத்தன என்னும் இலங்கை அறிஞர் 2005இல் இலான்செற்று இதழில் எடுத்துரைத்தனர். 2009இற் போர் முடிந்தபின் இம்மக்களின் உளநலமும் ஆராயப்பட்டது. அவ்வாண்டு யூலை முதல் செத்தெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்ந்த கணிப்பீடொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. இத்தகைய ஆய்வுகள் வேண்டப்படுவனவே. இழந்தோரின் துன்பம் எண்ணப்படாவிடின் மருந்தும் வராது.

ஆனால் ஒப்புதல் கேட்கப்படும் நிலையை நோக்குக. இடம்பெயர்ந்த குடும்பத்தலைவி பங்கீட்டு அரிசிக்கு ஒப்பமிட்டாள்; கூரைத்தகட்டுக்கு ஒப்பமிட்டாள்; காணாமற் போன மகனைப்பற்றிய விண்ணப்பத்துக்கும் ஒப்பமிட்டாள். ஒப்பமிட்டாற் கிடைக்கும், மறுத்தாற் கிடையாது என்பதே அவள் கற்ற பாடம். ஆராய்ச்சிப் படிவம் அவ்வரிசையில் வரும்போது, அதனை மறுக்கலாம் என்பது அவள் நெஞ்சிற் படுமோ? ஒப்பம், ஒப்புதல் என்னும் இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே; வாழ்க்கை அவற்றைப் பிரித்துவிட்டது.

படிவத்தின் மொழியும் ஆராயற்பாலது. “பங்குபற்றுநர் எழுமாற்று முறையில் ஒதுக்கப்படுவர்” என்னும் வாக்கியம் இலக்கண வழுவற்றது. பொருளோ கேட்போரை எட்டாது. “சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, சிலருக்குப் புதிய மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத குளிசையும் கிடைக்கும், உங்களுக்கு எது கிடைக்கும் என்பதை வைத்தியர் தீர்மானிப்பதில்லை” என்று எழுதினால் எழுதப்படிக்கத் தெரியாத முதியவளும் உணர்வாள், உணர்ந்தபின் மறுக்கவும் கூடும். மறுக்கக்கூடும் என்பதனாலேயே அது நல்ல வாக்கியம். எல்சிங்கிப் பிரகடனம் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில், ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்படுவோர் என்னும் கருத்துடைய சொல்லை நீக்கிப் பங்குபற்றுநர் என்றது. பெயர் உயர்ந்தது, புரியாத படிவத்தின்முன் அப்பெயர் வெறும் உபசாரமே.

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமியர்க்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுமுறையில் இடப்பட்டது. 2010இல் அது நிறுத்தப்பட்டது. 2013இல் வெளிவந்த இந்தியப் பாராளுமன்றக் குழுவின் அறிக்கை, ஆந்திரத்தில் விடுதிக் காப்பாளர் 2,763 படிவங்களில் ஒப்பமிட்டிருந்ததைக் காட்டிற்று. தடுப்பூசி நல்லதாயிருக்கலாம், ஆயினும் பெற்றோரின் உரிமையைப் பள்ளி எடுத்துக்கொண்டது தவறு. மாணவர்மேல் அதிகாரமுடையோர் அவர்க்காக ஒப்பமிடும் எளிமை எந்நாட்டுப் பள்ளிக்கும் உரியதே.

பரிகாரம் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873 வரை பணிபுரிந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அவரை அனுப்பிய மிசனின் சமயநோக்கு வேறாயினும், நோயாளரின் மொழியே வைத்தியத்தின் மொழியாதல் வேண்டும் என்ற அவர் துணிபு கொள்ளத்தக்கது. அறநெறி ஆய்வுக்கு வழங்கும் பணத்தில் ஒரு பங்கு தமிழறிந்தார்க்கும் கிராமத்தாரோடு பழகிய தாதியர்க்கும் செல்லுதல் வேண்டும். படிவத்தைக் கேட்டவர் அதனைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்ல வல்லரா என்று ஆராய்வது அவர்தம் முதற்பணியாகும். எத்தனைபேர் ஒப்பமிட்டனர் என்ற கணக்கினும், எத்தனைபேர் அஞ்சாது மறுத்தனர் என்ற கணக்கே அவ்வறத்தை அளக்கும் கோல்.