முதுகுப் பூட்டும் எலும்புப் பிடியும்

மடக்குக்கத்தி வாங்க நினைத்து யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஒற்றை அலகு, முதுகுப் பூட்டு, எலும்புப் பிடி. இதைவிட நல்ல சட்டைப்பைக் கத்தி உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கத்தரியும் அரமும் திருப்புளியும் பொருத்திய சுவிஸ் கத்தியை மதிக்கிறேன். விரலால் தட்டியதும் பாய்ந்து திறக்கும் இன்றைய கறுப்புக் கத்திகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேசையில் கிடந்தால் வீட்டுக்கு வந்தவர் எல்லாரும் "இதென்ன, ஒருக்கால் பாக்கலாமோ?" என்று கை நீட்டுவது இந்தப் பழைய வடிவத்துக்குத்தான்.

ரொறன்ரோவில் வாழும் எங்களுக்கு இதில் ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். அந்த அருவிக்கு அப்பால், பஃபலோவுக்குத் தெற்கே, நியூயோர்க் மாநிலத்தின் மேற்குக் கோடியும் பென்சில்வேனியாவின் வடமேற்கும் சேரும் மலைநாடுதான் அமெரிக்கச் சட்டைப்பைக் கத்தியின் தாய்வீடு. கேஸ் சகோதரர்கள் 1889இல் தங்கள் கத்திகளை அந்தப் பக்கத்து ஊர்களில் குதிரைவண்டியில் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்தில் கிளைத்த டபிள்யூ. ஆர். கேஸ் அன் சன்ஸ் இன்றைக்கும் பிராட்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில் கத்தி செய்கிறது. 1993இல் அதை வாங்கியது அதே ஊரில் லைட்டர் செய்யும் சிப்போ. இரண்டுக்கும் பொதுவாக அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்தில் ஒலியனில் கா-பார் என்ற இன்னொரு கத்தி நிறுவனம். தெற்கும் மேற்குமாக இன்னும் கொஞ்சம் தள்ளினால் டைட்டஸ்வில், 1859இல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊர். 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி அங்கேதான் பழைய முறையில் கத்தி செய்கிறது. ஸ்காபரோவிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் பிராட்ஃபோர்டில் நிற்கலாம். போய்வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பூட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. கத்தியின் முதுகில் நீளவாட்டில் ஓர் உருக்குச் சட்டம் கிடக்கிறது. நடுவில் ஓர் ஆணியைப் பிடித்துக்கொண்டு கிணற்றுத் துலாபோல அது ஆடும். பின்முனையை உள்ளேயிருக்கும் ஒரு வில் மேலே தள்ளுவதால், முன்முனை எப்போதும் கீழே அமிழ்ந்தபடியே இருக்கும். அலகைத் திறக்கும்போது அதன் அடிப்பாகம் இந்த முன்முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுழல்கிறது. முழுதாகத் திறந்ததும் அடிப்பாகத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் முனை விழுந்து மாட்டிக்கொள்ளும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ஆகா, அந்தச் சத்தம்! அதற்குப் பிறகு நீங்கள் முதுகில் கைவைத்து அழுத்தாதவரை அலகு மடங்காது. பூட்டில்லாத பழைய கத்தியால் கெட்டியான ஒன்றைக் குத்தும்போது அலகு திரும்பி விரலில் விழுமோ என்று மனதுக்குள் ஓர் அச்சம் இருக்குமே, அது இங்கே அடியோடு போய்விடுகிறது. மூடும்போதும் விரல்கள் அலகின் பாதையில் நிற்கத் தேவையில்லை. ஒரு கையால் சட்டத்தை அழுத்தி, மறு கையால் அலகை மடிக்கலாம். இரண்டு கையும் வேண்டும் என்பதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கோ அந்த நிதானம்தான் பிடித்திருக்கிறது.

இந்தப் பூட்டு ஐரோப்பாவில் பழைய சங்கதி. வட அமெரிக்காவில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1964இல் பக் நிறுவனம் விற்பனைக்கு விட்ட 110. கருங்காலிப் பிடி, பித்தளைக் காப்பு, இரும்பாலே வார்த்ததுபோன்ற உறுதி. ஆனால் எடை 200 கிராம் அளவுக்கு வரும். அரைப்பட்டியில் உறை மாட்டித்தான் கொண்டுபோகவேண்டும். காற்சட்டைப் பையில் போட்டதே தெரியாமல் கிடக்கும் கத்தி வேண்டுமென்றால் கேஸின் காப்பர்லொக், அதன் தம்பி மினி காப்பர்லொக் இரண்டையும் பார்க்கவேண்டும். மடித்த நிலையில் பெரியது நாலேகால் அங்குலம், சின்னது மூன்றரைக்குச் சற்றே மேல். கேஸின் மாதிரி எண்ணை வாசிப்பதே தனி இன்பம். பெரியதன் எண் 61549எல். முதலில் உள்ள 6 எலும்புப் பிடியைக் குறிக்கும், அடுத்த 1 ஒற்றை அலகை, கடைசியில் நிற்கும் 'எல்' பூட்டை. நான் ஆசைப்படும் மூன்றும் ஒரே எண்ணில்!

இனி எலும்பு. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது. கேஸ் பிடிகளுக்கு எடுப்பது பிரேசில் நாட்டுச் செபு மாட்டின் கணைக்கால் எலும்பு. செபு என்றால் வேறொன்றுமில்லை, எங்கள் திமில் மாடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன மாடுகளின் சந்ததிதான் இன்று பிரேசிலின் மேய்ச்சல் நிலங்களை நிறைத்திருக்கிறது. அவற்றில் மிகப் பெரிய இனத்துக்கு நெலோரே என்று பெயர். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரின் பெயர் அது. நெல்லூர், ஓங்கோல் பக்கத்து உழவர்கள் வளர்த்த வெள்ளைமாடு தென்னமெரிக்காவில் பெருகி, பிரேசில் நாட்டுத் திமில் மாட்டின் எலும்பு பென்சில்வேனியாவுக்குப் போய், சாயமேறி, ஸ்காபரோவில் ஒரு தமிழரின் பைக்குள் வந்து கிடக்கிறது. எந்தக் கத்தியில் எந்த இனத்து மாடு என்று யாரும் எழுதிவைப்பதில்லை. எனக்கு அந்த உறவு போதும்.

எலும்பின்மேல் வெட்டியிருக்கும் சின்னச் சின்னக் கொத்துகளுக்கும் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டுப் பட்டறைகள் நெடுங்காலம் விரும்பிப் போட்ட பிடி இந்தியக் காட்டில் வாழும் கடமானின் கொம்பு. அதன் கரடுமுரடான மேற்பரப்பு கைக்கு வழுக்காது, பார்க்கவும் அழகு. விலை கூடிய அந்தக் கொம்பின் சாயலில்தான் மாட்டெலும்பைக் கொத்தத் தொடங்கினார்கள். 1990களின் பிற்பகுதியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியைத் தடுத்தது; கொத்திய எலும்பின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. என் கண்ணுக்கு இப்போது எலும்புதான் அழகு. சாயம் கொத்தின் பள்ளத்தில் அடர்த்தியாகவும் மேட்டில் வெளிறியும் நிற்கும். பாவிக்கப் பாவிக்க மேடுகள் தேய்ந்து பளபளக்கும். தை மாதக் குளிரில் வெளியே நின்று எடுத்தாலும், வெறும் உலோகம்போல உள்ளங்கையைக் கடிக்காது.

கடைக்குப் போனால் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரே மாதிரியில் மூன்று நான்கை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எலும்பு இயற்கைப் பொருள், ஒன்றுபோல ஒன்று இருக்காது. முதலில் மடித்தபடியே முதுகை விரலால் தடவிப் பாருங்கள். சட்டம் இரு பக்கத் தகடுகளோடும் ஒரே மட்டமாக ஓடவேண்டும். திறந்த பிறகும் அதே மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பலர் இதை விட்டுவிடுவார்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். சட்டத்துக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையில் ஒளிக்கீற்று தெரியாத கத்தி நல்ல கையால் பொருத்தப்பட்டது. பிடியின் முனையில் இருக்கும் உலோகக் காப்பை எலும்பு சந்திக்கும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், தட்டக்கூடாது. ஆணிகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மடித்த அலகு நடுவில் நிற்கிறதா, பக்கத் தகட்டை உரசுகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

அடுத்தது கை. அலகின் பக்கத்திலுள்ள பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுக்கும்போது நகம் பிய்கிற அளவுக்கு இறுக்கமும் வேண்டாம், தொளதொளப்பும் வேண்டாம். திறந்த அலகின் நுனிப்பக்கத்தை முதுகுப்புறமாகப் பிடித்து, மெல்ல மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். நல்ல கத்தி கல்லாக நிற்கும். இனிக் காது. எடுத்து வைத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து கேளுங்கள். மந்தமாக விழும் பூட்டுக்கும் தெளிவாக விழும் பூட்டுக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்கும் விளங்கும். இவ்வளவும் தேறிய பிறகுதான் நிறம்: தேன்நிறமோ, கஷ்கொட்டை நிறமோ, கடும் பச்சையோ, உங்கள் மனம் சொல்கிறபடி.

உருக்கில் இரண்டு வழி. கேஸின் துருவேறாத உருக்கு கூரை நெடுநாள் பிடித்து வைக்காது, ஆனால் கல்லில் கொஞ்ச நேரம் தீட்டினாலே பழையபடி வந்துவிடும். கிரேட் ஈஸ்டர்ன் பெரும்பாலும் பாவிப்பது 1095. அந்தக் கடைசி இரண்டு இலக்கம் ஏறக்குறைய 0.95 சதவீதக் கரியைக் குறிக்கிறது. கூரும் நிற்கும், துருவும் பிடிக்கும். அதில் அப்பிள் வெட்டினால் அலகு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறி, உங்கள் கத்தி உங்களுடையது மட்டுமே ஆகிவிடும். புளியும் மாங்காயும் தேசிக்காயும் புழங்கும் எங்கள் வீட்டுக்குத் துருவேறாததுதான் சரி என்று முடிவெடுத்தேன். காட்டுக்குப் போகிறவர் மற்றதை எடுக்கலாம்.

சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் பலர். கனடாவின் குற்றவியல் சட்டம் தடை செய்வது, கைப்பிடியில் இருக்கும் பொத்தானையோ வில்லையோ அழுத்தினால் தானே திறக்கும் கத்தியையும், புவியீர்ப்பாலோ வீசினாலோ திறந்துகொள்ளும் கத்தியையும். நகத்தால் இழுத்துத் திறக்கும் முதுகுப்பூட்டுக் கத்தி அதற்குள் வராது. அதன் வில்லே அலகை மூடிய நிலையில் பிடித்து வைக்கிறது. அதனால் கடையில் மணிக்கட்டை உதறிப் பாருங்கள், அலகு வெளியே வந்தால் வாங்காதீர்கள். எந்தக் கத்தியானாலும் கெட்ட நோக்கத்தோடு வைத்திருப்பது குற்றம்தான். லண்டனில் இருக்கும் உறவினருக்குப் பரிசாகக் கொண்டுபோக ஆசை என்றால் யோசியுங்கள்: பிரித்தானியாவில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுதிரியக்கூடிய மடக்குக்கத்தி மூன்று அங்குலத்துக்கு உட்பட்டதாகவும் பூட்டு இல்லாததாகவும் இருக்கவேண்டும். விமானத்திலும் கனடா 2017இலிருந்து 6 சென்ரிமீற்றர்வரை அலகை அனுமதித்தாலும், அமெரிக்கப் பயணத்துக்கு அது இல்லை. மினி காப்பர்லொக்கின் அலகு அந்த அளவையும் தாண்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

பாவனை என்று வந்தால் எதைச் சொல்ல, எதை விட! புரட்டாதியில் அப்பிள் தோட்டங்களுக்குப் போகிறோமே, அங்கே மரத்தடியிலேயே ஒரு மக்கின்டொஷைக் கீறிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப்போல ஓர் இன்பம் கிடையாது. அந்த அப்பிளே ஒன்ராறியோவின் பிள்ளை, 1811இல் டண்டெலாவில் ஜோன் மக்கின்டொஷ் கண்டெடுத்தது. கோடையில் ரூஜ் பூங்காவில் ஒன்றுகூடல் வைத்தால் மாம்பழப் பெட்டியின் நாடாவை அறுப்பதிலிருந்து இறைச்சிப் பையைத் திறப்பதுவரை எல்லாம் இந்த ஒற்றை அலகுதான்.

"தம்பி, உந்தக் கத்தியை ஒருக்காத் தா, இந்த மாங்காயை வெட்டுவம்" என்றார் ஒருமுறை மாமி.

"இந்தாங்கோ மாமி. மூடேக்கை முதுகிலை இருக்கிற பள்ளத்தை அமத்தவேணும், என்ன?"

மாங்காய் முடிந்தது, மிளகாய்த்தூள் முடிந்தது, கத்தி மாமியின் கையைவிட்டுப் போகவில்லை. திறக்கிறார், 'டக்', மூடுகிறார், திரும்பத் திறக்கிறார். அடுத்த பிறந்தநாளுக்கு அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், தேன்நிறப் பிடியில்.

பராமரிப்பு மிகச் சுலபம். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் போடாதீர்கள், தண்ணீரில் ஊறவிடாதீர்கள். எலும்புக்கு இரண்டும் ஆகாது. ரொறன்ரோ வீடுகளில் மாரிகாலச் சூடேற்றி காற்றை வறட்டிவிடும், அந்தக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எலும்பு சுருங்கி வெடிக்கலாம். அச்சில் ஒரு துளி, சட்டம் ஆடும் இடத்தில் ஒரு துளி மினரல் எண்ணெய். பழம் வெட்டும் கத்திக்கு அதுதான் நல்லது. தீட்டுவதை நீங்களே பழகுங்கள், அலகை 20 பாகை அளவில் சாய்த்துப் பிடித்தால் போதும். முடியாவிட்டால் இந்த நகரத்துத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு கத்தி தீட்டும் வண்டி இன்னும் வருகிறது, ஓடிப்போய் நிறுத்துங்கள். வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் போங்கள், அவசரமில்லாத நேரத்தில். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நாலு கத்தியை வரிசையாக வைக்கச் சொன்னால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார்; ஐந்தாவதை அவரே உள்ளேயிருந்து எடுத்துவருவார்.