கல்லும் சொல்லும்: கொச்சிக் கோட்டையில் ஒரு மரபு நடை

நகரைச் சுற்றி நடப்பது விவிலியத்திற்குப் புதிதன்று. 48ஆம் திருப்பாடல் சீயோனை வலம்வந்து அதன் காவல்மாடங்களை எண்ணிப் பார்க்குமாறும், கண்டதைப் பின்வரும் தலைமுறைக்கு எடுத்துரைக்குமாறும் நம்மை அழைக்கின்றது. நெகேமியாவோ, எருசலேமுக்கு வந்த சில நாள்களில், ஒருவருக்கும் அறிவிக்காமல் இரவில் எழுந்து, இடிந்து கிடந்த மதில்களைச் சுற்றிப் பார்க்கின்றார். முன்னது நிற்கும் கோபுரங்களைக் காண்கின்றது. பின்னது விழுந்த மதிலைக் காண்கின்றது. ஒரு பழைய நகரைப் பிறர்க்குக் காட்ட முனைவோர் இவ்விரண்டனுள் எதைத் தெரிந்துகொள்கின்றனர் என்பதே நம் கேள்வி.

'மரபு நடை' என்ற பெயரில் இன்று பல நகரங்களில் நடைபெறும் வழிகாட்டுச் சுற்று ஓர் இலக்கிய வகை என்றே நாம் கருதுகின்றோம். அதற்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் உண்டு. தலைவர்களும் துணைப்பாத்திரங்களும் உண்டு. சொல்லாமல் விட்டவையும் உண்டு. எனவே, ஒரு புதினத்தைத் திறனாய்வதுபோல் அதனையும் திறனாயலாம். கொச்சிக் கோட்டைப் பகுதியில் நாம் மேற்கொண்ட மூன்று மணி நேர நடையை முன்வைத்து அதனைச் செய்து பார்ப்போம். வழிகாட்டி அவ்வூர் இளைஞர். தமிழும் மலையாளமும் கலந்து, களைப்பின்றி, நகைச்சுவையோடு பேசினார். அவரது திறமையில் நமக்குக் குறையேதும் இல்லை. நாம் ஆய்வது அவரை அன்று. அவருக்குக் கற்பிக்கப்பட்ட கதையை.

நடை சீன வலைகளின் அருகே தொடங்கியது. குப்லாய் கானின் காலத்துச் சீனர் கொண்டுவந்தவை என்பது அங்கே வழங்கும் கதை. வலையின் உறுப்புகள் சிலவற்றிற்குப் போர்ச்சுகீசியப் பெயர்கள் வழங்குவதைக் காட்டி, அவை மக்காவிலிருந்து போர்ச்சுகீசியரால் வந்தவை எனக் கூறுவோரும் உளர். எதுவாயினும், நெடிய மரக்கட்டைகளும் கயிற்றில் தொங்கும் பாறாங்கற்களும் ஒன்றையொன்று சமன்செய்ய, சிலர் சேர்ந்து இழுத்தவுடன் அவ்வளவு பெரிய வலை நீரிலிருந்து எழுவது வியப்பான காட்சியே. வலையின் பிறப்பு வரலாற்றிற்குப் பத்து நிமிடம் கிடைத்தது. அதை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது எங்களோடு ஒரு நிழற்படம்.

துறைமுகம் பிறந்த கதையை அவர் நன்றாகவே சொன்னார். 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பர். 1500ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டிக் கப்ரால் வந்திறங்கினார். 1503இல் மன்னரின் இசைவுடன் போர்ச்சுகீசியரின் கோட்டை எழுந்தது. 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து நகரைக் கைப்பற்றினர். இவ்வாறு கதை மூன்று அங்கமாக அமைந்துவிடுகின்றது. வந்தவர்களே அதன் தலைவர்கள். ஊரில் இருந்தவர்கள் திரை ஏற்றுவோராகவும் இறக்குவோராகவும் மட்டும் வந்து போகின்றனர்.

இம்மூன்று அங்கங்களையும் ஒரே கட்டடத்தில் காட்ட வசதியாக அமைந்தது புனித பிரான்சிஸ் ஆலயம். பிரான்சிஸ்கு சபைத் துறவியர் எழுப்பிய இது, டச்சுக்காரரிடம் சீர்திருத்தச் சபையினதாயிற்று. 1804இல் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குக் கைமாறியது. இன்று தென்னிந்தியத் திருச்சபையினது. சுவர்களில் போர்ச்சுகீசிய, டச்சுக் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா அடக்கம் செய்யப்பட்ட இடத்தைக் கம்பி வேலியிட்டுக் காட்டுகின்றனர். உடலின் எச்சங்கள் 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டுவிட்டன. நடையில் மக்கள் மிகுந்த நேரம் நின்றது இந்த வெறுங்கல்லறையின் முன்புதான் என்பதை நாம் கவனித்தோம். வெறுங்கல்லறை முன் நிற்கப் பழகிய சமயத்தவரே நாம். ஆனால், அந்த நிற்றலுக்குக் காரணம் வேறு.

அடுத்துத் திருச்சிலுவைப் பேராலயம். பழைய பேராலயத்தை டச்சுக்காரர் படைக்கலக் கிடங்காக்கினர். ஆங்கிலேயர் இடித்தே விட்டனர். அதன் கருங்கல் தூண் ஒன்று வளாகத்தின் மூலையில் நிற்கின்றது. இன்றைய ஆலயம் 1905இல் திருநிலைப்படுத்தப்பட்டது. 1984இல் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பட்டது. உட்புற ஓவியங்களைத் தீட்டிய இயேசு சபைச் சகோதரர் அந்தோணியோ மோஸ்கேனி, மங்களூர்ப் புனித அலோசியுஸ் சிற்றாலயத்தையும் அழகுசெய்தவர். கொச்சிப் பணி முடிந்து ஆலயம் திருநிலைப்படுத்தப்படும் முன்பே, அதே நவம்பரில் இறந்துவிட்டார். நம்மவர்கள் உள்ளே நுழைந்ததும் முழந்தாளிட்டனர். வழிகாட்டி மரியாதையோடு ஒதுங்கி நின்றார். எழுந்தவுடன் எல்லாரும் நிழற்படக் கருவியை எடுத்தனர். அதைப்பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டாம்.

மட்டாஞ்சேரிக்குச் சென்றபோதுதான் கதையின் மையக் கருத்து வெளிப்பட்டது. கொச்சி சமய நல்லிணக்கத்தின் நகரம். இங்கே யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள், இந்துக்கள் அனைவரும் எக்காலமும் ஒரே தெருவில் உடன்பிறப்புகளாய் வாழ்ந்தனர் என்பது அக்கருத்து. கேட்க இனிமையாக இருந்தது. அதில் உண்மையும் உண்டு. கொடுங்கல்லூரை விட்டு வந்த யூதருக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே இடமளித்தார்; 1568இல் பரதேசி தொழுகைக்கூடம் எழுந்தது. அரண்மனைக் கோயிலும் அத்தொழுகைக்கூடமும் அண்டை வீடுகள்போல் நிற்பதை இன்றும் காணலாம். ஆனால், அது முழு உண்மையன்று. நமது கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகின்றது.

அந்தத் தொழுகைக்கூடத்தை 1662இல் தாக்கி எரித்தவர்கள் போர்ச்சுகீசியர். டச்சுக்காரருக்கு உதவினர் என்பது யூதர்மேல் சாட்டப்பட்ட குற்றம். அடுத்த ஆண்டு வென்ற டச்சுக்காரர், கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றை இடித்தனர். ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். தொழுகைக்கூடத்துக்குள்ளேயே ஒரு சாராரைச் சமமாக அமரவிடாத வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. அதனை எதிர்த்து ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் காந்திய வழியில் போராடினார். இவை சொல்லப்பட்டிருந்தால் கொச்சியின் நல்லிணக்கம் சிறுமைப்பட்டிராது. இத்தனைக்கும் பின்பு மக்கள் அடுத்தடுத்து வாழக் கற்றனர் என்றால், அந்நல்லிணக்கம் விலைகொடுத்துப் பெறப்பட்டது என்று பொருள். விலையை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் காட்டினால், அது இயற்கையாக விளைந்தது என்றும், யாரும் காக்க வேண்டியதில்லை என்றும் கேட்போர் எண்ணிவிடுவர். இன்றைய நிலையில் இது சிறிய பிழையன்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் உரோமையில் திருச்சபை மக்களின் குற்றங்களுக்காக, யூத மக்களுக்கு எதிராக இழைக்கப்பட்டவை உட்பட, இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். மன்னிப்புக் கேட்கப்பட்ட குற்றத்தைச் சுற்றுலாக் கதை இல்லை என்கின்றது. அப்படியானால் மன்னிப்பிற்கும் இடமில்லாமல் போய்விடுகின்றது.

மட்டாஞ்சேரியிலேயே நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் நடையில் இடம்பெறவில்லை. 1653ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், தோமையார் கிறிஸ்தவர்கள் அங்கு ஒரு கற்சிலுவையின் முன் கூடி, கோவாவின் ஆதரவோடு தங்களை ஆண்ட இயேசு சபைப் பேராயருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை எனச் சபதம் செய்தனர். சிலுவையைத் தொட இயலாதவர்கள் அதில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டனர் என்றும், இழுத்த பாரத்தில் சிலுவை வளைந்தது என்றும் மரபு கூறும். 'கூனன் குரிசு' என்ற பெயர் அவ்வாறு வந்தது. 1599ஆம் ஆண்டு உதயம்பேரூர் மாமன்றத்தின் வழியாக இலத்தீன் முறைகள் திணிக்கப்பட்டதும், சிரிய மொழி நூல்கள் தீயிலிடப்பட்டதும் அச்சபதத்தின் பின்னணி. அன்று பிளந்தது இன்றுவரை முழுதும் ஒட்டவில்லை. அவ்விடத்தில் இன்றும் ஓர் ஆலயம் இருக்கின்றது. வாசனைப் பொருள் கடைகளில் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அதில் கால் மணி போதும், அங்கே போய் வந்திருக்கலாம்.

சமயங்கள் ஒன்றையொன்று அழித்தன என்ற எதிர்க்கதையையும் நாம் ஏற்கவில்லை. டச்சு ஆளுநர் வான் ரேடு கேரளத் தாவரங்களைப்பற்றித் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 தொடங்கி 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதற்குத் தம் அறிவை ஈந்தவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர். தொடக்கத்தில் உடன் உழைத்தவர் புனித யோசேப்பின் மத்தேயு என்னும் கார்மேல் சபைத் துறவி. கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றிய ஆட்சியின் தலைவரும் ஒரு கத்தோலிக்கத் துறவியும் மூலிகைகளின் முன் ஒன்றாக அமர்ந்தனர். மெய்யான நல்லிணக்கத்திற்கு எடுத்துக்காட்டு வேண்டுமாயின் இது போதாதா?

உழைத்தோர் பற்றிய மௌனமே நம்மை மிகவும் உறுத்தியது. மட்டாஞ்சேரியில் மாங்காட்டு முக்கில் காப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சிறு இடம் உண்டு. சிலை இல்லை, விளக்கும் காணிக்கையும் உண்டு. கள்ளும் சுருட்டும் முட்டையும் படைக்கின்றனர். போர்ச்சுகீசியர் ஓடும்போது புதைத்த செல்வத்துக்குக் காவலாகக் கொன்று புதைக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமையின் ஆவி அது என்பது ஊர்க்கதை. கதைக்குச் சான்று தேட வேண்டியதில்லை. அடிமைகள் இருந்தனர் என்பதற்குச் சான்று நிறைய உண்டு. டச்சுக்காரர் கொச்சியிலிருந்து மனிதரை விலைக்கு வாங்கி நன்னம்பிக்கை முனை வரை கப்பலேற்றினர். அதற்கான பத்திரங்களை முறையாக எழுதியும் வைத்தனர். எழுதப்படாத துயரத்தை ஒரு விளக்கின் வடிவில் இந்நகரத்து ஏழைகள் காத்துவந்துள்ளனர். அச்சடங்கை நாம் ஏற்பதில்லை. அந்த நினைவை மதிக்கின்றோம்.

அண்மைக் காலமும் அப்படியே. துறைமுகத்தில் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசுவான்; மண்ணில் விழுந்து புரண்டு அதைப் பிடித்தவனுக்கே அன்றைக்கு வேலை. இதனை எதிர்த்துத் தொழிலாளர் எழுந்தபோது, 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிரிழந்தனர். இதனை அடிப்படையாகக் கொண்டு ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' என்ற மலையாளத் திரைப்படம் 2023இல் வெளிவந்தது. திராட்சைத் தோட்ட வேலையாள் உவமையில், நாள் முழுதும் ஒருவரும் கூலிக்கு அழைக்காததால் சந்தைவெளியில் நின்றோரைப்பற்றி நாம் எத்தனை மறையுரை ஆற்றியிருப்போம்! அச்சந்தைவெளி எப்படி இருந்திருக்கும் என்பதை இப்படம் காட்டுகின்றது.

தமிழராகிய நமக்கு இன்னும் ஒரு குறை. கொச்சிக்கு நாம் வெறும் விருந்தினர் அல்லர். முத்துக்குளித்துறைப் பரதவரின் பட்டங்கட்டிகள் கொச்சி சென்று போர்ச்சுகீசியரின் உதவி கேட்டுத் திருமுழுக்குப் பெற்றனர். அதைத் தொடர்ந்து 1536-37இல் கடற்கரை ஊர்கள் மனம் மாறின. புனித சவேரியார் நம் கடற்கரை அனுபவங்களைப்பற்றிய புகழ்பெற்ற மடலை 1544 சனவரியில் கொச்சியிலிருந்தே எழுதினார். போர்ச்சுகல் மன்னருக்கு எழுதிய மடல்களில் அதிகாரிகளின் நடத்தையைக் கடிந்துகொள்ளவும் அவர் தயங்கவில்லை. 1557இல் கொச்சி மறைமாவட்டம் அமைந்தபின் நம் முத்துக்குளித்துறை நெடுங்காலம் அதன் ஆளுகையில் இருந்தது. இவை எல்லாவற்றையும்விட, கொல்லத்தில் 1578 அக்டோபர் 20இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலை அடுத்து, 'கிரீசித்தியானி வணக்கம்' 1579 நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில், இறையன்னை பெயரால் அமைந்த இயேசு சபைக் கல்லூரியில் அச்சிடப்பட்டது. ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார். அச்சுக்குப் பொருள் ஈந்தோர் பரதவ மக்கள். முத்தெடுக்க மூழ்கியவர்களின் காசு தமிழ் எழுத்தானது இந்த நகரில்!

துணி வெளுப்போர் துறையும் நடைவழியில் இல்லை. கொச்சிக் கோட்டையில் வேலி என்னும் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் எனச் சொல்கின்றனர். வெள்ளைக்காரரின் கல்லறைகளைப் படித்துத் திரிந்த எங்களுக்கு, எங்கள் மொழி பேசும் உயிருள்ள மனிதரைக் காட்ட அக்கதையில் இடமில்லை.

இவ்வளவு சொன்னபின்பும், நம் பங்குகளிலிருந்து பேருந்து அமர்த்திக் கொச்சிக்குப் போவோர் நடந்தே பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வோம். எம்மாவுசுக்குச் சென்ற இருவருக்கும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் மறைநூல் விளங்கத் தொடங்கிற்று. வண்டியில் போகின்றவர் பெயர்ப்பலகையைப் பார்க்கின்றார். நடப்பவரே எதிரே வருபவரிடம் கேள்வி கேட்க முடியும். புறப்படும்முன் ஒரு மாலை பங்கில் கூடி, மேற்சொன்ன ஆண்டுகளையும் இடங்களையும் குறித்துக்கொண்டு, வழிகாட்டியிடம் இன்ன இடங்களுக்கும் அழைத்துச் செல்லுங்கள் என முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், வாசனைப் பொருள் கடைகளின் நேரத்தை அவர் குறைத்துக்கொள்ள மறுக்கமாட்டார்.

நடையின் முடிவில், தமிழ் நூல் அச்சான அந்தக் கல்லூரி எங்கே இருந்தது என்று எங்கள் இளைஞரிடம் கேட்டோம். அவர் கேள்விப்பட்டதில்லை. நூலின் பெயரை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டு, 1579 என்ற ஆண்டையும் சேர்த்துத் தம் நுழைவுச்சீட்டுக் கட்டின் பின்புறத்தில் மலையாளத்தில் எழுதிக்கொண்டார்.