உள்பக்கம் திருப்பிய சாக்ஸ்

ராயபுரத்து வெயிலில் கம்பளி சாக்ஸா என்று வீட்டில் சிரித்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் கொண்டுவந்த மெரினோ ஜோடி அது. நாகலாபுரம் மலைக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

சாக்ஸின் யோக்கியதை உள்பக்கம் திருப்பினால்தான் தெரியும். எம்.சி. ரோடு நடைபாதையில் வாங்கிய பழைய ஜோடியில் விரல் முனைத் தையல் கயிறு மாதிரி தடித்திருக்கும். இறக்கத்தில் சுண்டுவிரலை அறுத்துவிடும். மச்சானுடையதில் தையலைத் தடவித்தான் தேட வேண்டும். பாதத்தின் அடியில் மட்டும் டர்க்கி டவல் போலக் குட்டிக் குட்டிக் கண்ணிகள். மேல்பாகம் மெல்லிசு, காற்று போகட்டும் என்று. குதிகாலுக்குப் பை மாதிரி தனியாகப் பின்னியிருப்பதால் காலைச் சுற்றித் திருகிக்கொள்வதில்லை. இதிலும் நைலான் கலப்பு உண்டு. குற்றமில்லை, வெறும் கம்பளி என்றால் குதிகாலில் சீக்கிரமே ஓட்டை விழும்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் காலுக்குக் காட்டிக்கொடுக்காது. பருத்தி நசநசவென்று ஒட்டிக் கொப்புளம் போட்டுவிடும். இரண்டு நாள் போட்டபின் மோந்து பார்த்தேன்; நாற்றமே இல்லை. மனைவி நம்பவில்லை, தனி வாளியை எடுத்தாள். வெந்நீர் மட்டும் ஊற்றாதே, சுருங்கிவிடும் என்று கெஞ்சினேன்.