தாத்தாவின் புத்தகமும் ஒரு டார் மூட்டையும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி ஏரல் வட்டாரம் முழுக்கத் தண்ணீரானபோது, பரணில் கிடந்ததால் தப்பியது தாத்தாவின் புத்தகம். 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை எங்கள் கொற்கையில் குழி வெட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி, 1972இல் சொந்தச் செலவில் அச்சிட்ட எண்பது பக்கச் சிறுநூல். மிஞ்சியிருப்பது இந்த ஒரே பிரதி. ஓரமெல்லாம் ஈரம் ஏறியிருந்தது. வெயிலில் காயவைத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்தேன். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கத்தான் டெசராக்ட் வேண்டியிருந்தது.

என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு 22.04. அதன் களஞ்சியத்தில் டெசராக்ட் 4.1தான் கிடைத்தது. எனக்கு 5 வேண்டும்; அதன் மூலநிரலோ டார் மூட்டையாக இருந்தது. அப்படித்தான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு டார் மூட்டையை என் கையால் அவிழ்த்தேன். அடடா, என்ன சுகம் அது!

டார் என்பது 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. காந்த நாடாவில் கோப்புகளைச் சேர்த்துவைக்கப் பிறந்த கருவி. அது கட்டத்தான் செய்யும், அமுக்காது. அமுக்குவது 1992இல் வந்த ஜிசிப்பின் வேலை. கட்டளையில் எக்ஸ் போட்டால் பிரி, இசட் போட்டால் சுருக்கத்தை நீக்கு, எஃப் போட்டால் அடுத்து வருவது கோப்பின் பெயர். எக்ஸுக்குப் பதில் டி போட்டுப் பாருங்கள், பிரிக்காமலே உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடும். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். சில மூட்டைகள் தனி அடைவு இல்லாமல் கட்டப்பட்டிருக்கும், அவிழ்த்த இடமெல்லாம் சிதறும்.

டெசராக்ட் மூட்டைக்குள் ரீட்மீ, இன்ஸ்டால் கோப்புகள், சி பிளஸ் பிளஸ் மூலநிரல் எல்லாம் இருந்தன. ஹெச்பி நிறுவனத்தில் 1985இல் தொடங்கிய உழைப்பு, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில்! ஆட்டோஜென் ஓட்டி, கன்ஃபிகர் ஓட்டினேன். பாதியில் நின்று, லெப்டோனிகா என்ற துணை நூலகம் இல்லை என்றது. எது குறைகிறதென்று பேர் சொல்லிக் கேட்கிறதே, அந்த நேர்மைக்கே கும்பிடலாம். அதன் மேம்பாட்டுத் தொகுப்பை நிறுவி மறுபடி ஓட்டினேன், கடைசிவரை போனது. அப்புறம் மேக். திரை நிறைய எழுத்து ஓடியது.

ஆச்சி வெற்றிலைச் செல்லத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னலே இது, ஐப்பசி மழ மாதிரி கொட்டுது?"

"தாத்தா புத்தகத்தப் படிக்க மிஷினுக்குக் கண்ணு செய்யுதேன் ஆச்சி."

சுடோவோடு மேக் இன்ஸ்டால் கொடுத்ததும் முடிந்தது என்று நினைத்தேன். டெசராக்டைக் கூப்பிட்டால், பகிர்வு நூலகத்தைக் காணோம் என்றது. சுடோவோடு எல்டிகான்ஃபிக் என்று அடித்தேன், எழுந்து உட்கார்ந்தது! நூலகம் புதிதாக வந்திருக்கும் இடத்தைக் கணினிக்கு அறிவிப்பதுதான் அந்தக் கட்டளை. தமிழுக்கான பயிற்சித் தரவை டெஸ்டேட்டா அடைவில் வைத்தேன். பிரித்த அடைவை இன்னும் அழிக்கவில்லை. என்றைக்காவது நீக்க வேண்டுமென்றால் அங்கிருந்தே மேக் அன்இன்ஸ்டால் கொடுத்துவிடலாம்.

முதல் பக்கத்தைக் கொடுத்தேன். சில நொடிதான். "கொற்கை" என்று வந்து நின்றது பாருங்கள், ஒற்றைக்கொம்பும் காலும் ற்-உம் பிசகாமல்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்பதால், துதிக்கை வைத்த பழைய லை, னை வரும் இடங்களில் மட்டும் தடுமாறியது. அவற்றைக் கையால் திருத்தினேன். எண்பது பக்கமும் மூன்று இரவில் முடிந்தன.

"வன்னி மரத்தப் பத்தி உங்க தாத்தா எழுதிருக்காகளாலே?" என்றாள் ஆச்சி.

குளக்கரை வன்னியைத்தான் கேட்கிறாள். தேடினேன். பதினான்கு இடம். ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன், பாக்கைக்கூட வாயில் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.