உறவினர்: இரு சக்ஸபோன்கள்

ருத்ரேஷ் மகந்தப்பாவின் 'கின்ஸ்மென்' 2008இல் வெளிவந்த ஜாஸ் இறுவட்டு. தலைப்பின் பொருள் உறவினர். அமெரிக்காவில் வளர்ந்து ஜாஸ் பயின்ற மகந்தப்பாவும், மைசூர் அரண்மனை பாண்ட் வாத்தியத்தில் கேட்ட கருவியைக் கர்நாடக இசைக்குரியதாக்கிய கத்ரி கோபால்நாத்தும் (1949–2019) இதில் ஆளுக்கொரு ஆல்ட்டோ சக்ஸபோன் வாசிக்கின்றனர். கன்யாகுமரியின் வயலின், பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், கராச்சியில் பிறந்த ரெஸ் அப்பாசியின் கிற்றார் ஆகியனவும் உண்டு.

'டூயட்' (1994) படத்தின் வழியே கோபால்நாத்தை அறிந்த யாழ்ப்பாணத்துச் செவிகளுக்கு இது முதலில் கரடுமுரடாகவே ஒலிக்கும். மகந்தப்பா சுரங்களை வெட்டி வெட்டி வீசுகிறார். கோபால்நாத் கமகத்தால் இழைத்துச் செல்கிறார். நாதஸ்வரக் கலைஞரின் மகன் என்பது அங்கே புலப்படுகிறது. இடையில் வரும் தனி ஆலாபனைகள் விரிவதற்குள் முடிந்துவிடுவது குறையே. எனினும் ஒருவர் மற்றவராக மாற முயலவில்லை. இவ்விறுவட்டின் பலம் அதுதான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஒரே மொழி பேசியும் எமக்கு உறவு மறுக்கப்பட்டது. மீண்டும் சோனகத் தெருவில் அமர்ந்து இதைக் கேட்கையில் தலைப்பு உறுத்துகிறது. உறவுக்கு ஒரே குரல் வேண்டும் என்பது இங்கு எம்மிடம் வைக்கப்பட்ட நிபந்தனை. இவ்விருவரும் அந்த நிபந்தனை இல்லாமலே சேர்ந்து வாசித்திருக்கிறார்கள்.